கார் வராத சரளைப் பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் பற்றிய கட்டுரை படித்தேன். அங்கே சைக்கிள் ஓட்டினால் கார்களோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பது பாதி உண்மைதான். விண்டர்மியர் ஏரியின் கிழக்குக்கரைச் சாலை அப்படித்தான். மேற்குக் கரையிலோ, ரே கோட்டை வரை தண்ணீரை ஒட்டி, மரநிழலில் சரளைப் பாதை போகிறது. ஆரம்பத்தில் கார் நிறுத்துமிடம் வரைதான் வண்டித் தொல்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அறுபதைத் தாண்டிய நானே வாடகை சைக்கிளில் ஓட்டினேன்.

அதே மாவட்டத்தில் கெஸ்விக், திரெல்கெல்ட் ஊர்களுக்கு இடையே போகும் சைக்கிள் பாதையையும் எழுதியிருக்கலாம். 1972-இல் மூடிய ரயில் தடம் அது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வெள்ளம் கிரீட்டா ஆற்றுப் பாலங்களை அடித்துப் போனது. 2020 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். அதற்குத் தார் போட்டதில் ஊரே இரண்டுபட்டது. கிராமத்துக் களை போய்விட்டதாம்! எனக்கும் சக்கரத்தடியில் சரளை நொறுங்குவதுதான் பிடிக்கும். ஆனால் சக்கர நாற்காலியில் வந்த என் மனைவிக்குச் சரளை சரிப்படாது. அங்கே தாரே இருக்கட்டும்.

போகிறவர்கள் மட்கார்டு உள்ள சைக்கிளாகக் கேட்டு வாங்குங்கள். அந்த ஊர் மழைக்கு முதுகெல்லாம் சேறுதான்.

– ஓய்வுபெற்ற தபால்காரர், பாளையங்கோட்டை