காரை கலந்த மண்ணுக்கு யூரியா மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்கள் முகப்புக்கு முன்னாலும் பின்கட்டை ஒட்டியும் புல்தரை போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. புல் பதித்த சில மாதங்களில் திட்டுத்திட்டாக மஞ்சள் விழுகிறது. உடனே யூரியா போடுகிறார்கள். தெளியவில்லை என்றால் இன்னும் இரண்டு கை யூரியா. மண்ணைப் பரிசோதித்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. அதெல்லாம் வயலுக்குத்தான், வீட்டுத் தோட்டத்துக்கு எதற்கு என்ற எண்ணம். எங்கள் பக்கத்தில் நிலைமை நேர்மாறானது. ஒரு ஏக்கர் வயலில் மண் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பழைய வீட்டின் பத்து சென்ட் தோட்டத்தில் மூன்று விதமான மண் கிடக்கும்.

இயல்பான மண் செம்மண். பல இடங்களில் தோண்டினால் செம்புறாங்கல் (இரும்பு கலந்து இறுகிய சிவப்புப் பாறை) தட்டும். இந்த மண் பெரும்பாலும் அமிலப் பக்கம் சாய்ந்தது, இரும்பு நிறைந்தது. ஆனால் நூறாண்டு வீட்டின் சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. பழுது பார்க்கும்போது உதிரும் காரையும் ஓட்டுத் துண்டும் செங்கல் பொடியும் சுவரோரத்திலேயே புதைந்துபோகின்றன. அங்கே மண்ணின் கார அமில நிலை (pH; 7 என்றால் நடுநிலை, கூடினால் காரம், குறைந்தால் அமிலம்) 8-ஐத் தாண்டிவிடும். மாட்டுத்தொழுவம் இருந்த மூலையிலோ சாணமும் கோமியமும் ஊறி மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஒற்றை மண் மாதிரியாக ஆய்வகத்துக்கு அனுப்பினால் வரும் சராசரி எந்த இடத்துக்கும் பொருந்தாது. ஆகவே சுவரிலிருந்து ஐந்தாறு அடிக்குள் இருப்பது, நடுத்திடல், பழைய தொழுவம் என்று தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறை கடினமானதல்ல. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில், மேலே கிடக்கும் சருகை மட்டும் விலக்கிவிட்டு, ‘வி’ வடிவில் ஆறு அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு. அந்தக் குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து அடிவரை ஓர் அங்குலக் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டமும் பார்க்கப் போகிறோம் என்றால், மண்வெட்டி பட்ட முகத்தை மரக்குச்சியால் சுரண்டி ஒதுக்கிவிட்டு உள்மண்ணை எடுக்க வேண்டும். சேர்ப்பது பிளாஸ்டிக் வாளியில். துத்தநாகம் பூசிய தகர வாளியில் போட்டால் மண்ணில் இல்லாத துத்தநாகம் முடிவில் இருப்பதாகக் காட்டும். கட்டி உடைத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோவாகக் குறையும் வரை இதையே திரும்பச் செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, எந்தப் பகுதி, என்ன பயிர் என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். உரம் போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குப்பை கொட்டிய இடம், மரத்தடி, ஈரம் தேங்கிய பள்ளம் கூடாது. மரக்கன்று நடப்போகும் இடம் வேறு கணக்கு: மூன்றடிக் குழி வெட்டி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு மாதிரி. செம்புறாங்கல் எத்தனை அடியில் இருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவீடுகள் தருகிறார்கள். கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம் (மண்ணில் மக்கிய பொருளின் அளவைக் காட்டுவது), தழை (நைட்ரஜன்), மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். காரை புதைந்த மண்ணுக்கு இதோடு சுண்ணாம்பு நிலையையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே ஓரளவு அறியலாம். உலர்ந்த மண்ணில் வினிகரை விட்டால் காரை கலந்த மண் நுரைக்கும். நல்ல செம்மண் சும்மா இருக்கும்.

மஞ்சளிலும் இரண்டு வகை. தழைச்சத்துக் குறைந்தால் அடிப்புறத்து முதிர்ந்த இலைகள் முதலில் ஒரே சீராக வெளுக்கும். இரும்பு எட்டாமல் போனால் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். சுவரோரத்தில் காண்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது கரையாமல் கிடக்கிறது, வேருக்குக் கிடைப்பதில்லை. அங்கே யூரியா போடுவது, பூட்டிய களஞ்சியத்துக்கு முன்னால் பசித்தவனை ஓடவிடுவது போல. புல் நீண்டு வளரும், மேலும் வெளுக்கும்.

இதற்குக் கந்தகம் போடுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடியில் ஆறு அங்குல ஆழத்துக்குச் சுமார் 20 டன் மண். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தால்கூட 200 கிலோ. அதைக் கரைத்து முடிக்க 60 கிலோவுக்கு மேல் கந்தகம் வேண்டும். ஜிப்சமும் உதவாது; அது சோடிய உப்பு ஏறிய களர் மண்ணுக்கான மருந்து, சுண்ணாம்பைக் குறைக்காது. காரை புதைந்த சுவரோரத்தை ஓரடி ஆழம் வெட்டிக் கழித்துவிட்டு நல்ல செம்மண் நிரப்புவதுதான் செலவு குறைந்த வழி. அதுவரை தாங்க, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியோடு (இரும்பு சல்பேட்) சிறிது எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என இரண்டு மூன்று தடவை வேண்டியிருக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: அன்னபேதித் தண்ணீர் ஆத்தங்குடிக் கல்லிலோ சிமெண்டுத் தரையிலோ சிந்தினால் துருக்கறை படிந்துவிடும், எளிதில் போகாது. திண்ணையையும் நடைபாதையையும் முதலில் மூடிவிட்டுத் தெளியுங்கள்.

நடுத்திடலின் செம்மண்ணுக்கு வைத்தியம் வேறு. கார அமில நிலை 5.5-க்குக் கீழே வந்தால், ஆய்வகம் சொல்லும் அளவில் விவசாயச் சுண்ணாம்புத் தூள் இட வேண்டும். வளர்ந்த புல்லின் மேல் ஒரே தடவையில் 1000 சதுர அடிக்கு 20 கிலோவைத் தாண்டக் கூடாது. மிச்சத்தை ஆறு மாதம் கழித்து இடலாம். வெள்ளையடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பைப் போட்டுப் புல்லைப் பொசுக்கியவர்கள் உண்டு. சுண்ணாம்பையும் யூரியாவையும் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் பறந்துவிடும்.

பரிந்துரையைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் 1000 சதுர அடிக்கு 930 கிராம். ஏக்கருக்கு 100 கிலோ என்றால் அதே பரப்புக்கு 2.3 கிலோ. அட்டையில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டால் இரண்டரை மடங்கு வித்தியாசம். தழைச்சத்து உண்மையிலேயே குறைவு என்று முடிவு வந்தாலும், 1000 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு ஒரு கிலோ யூரியாவே உச்சம், போட்டதும் தண்ணீர் விட வேண்டும். தொழுவ மண்ணில் மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்தின் பக்கமே போக வேண்டாம். அங்கே மிகுந்திருக்கும் மணிச்சத்தே இரும்பையும் துத்தநாகத்தையும் தடுக்கும்.

அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றுதான் செம்மண்ணில் பெரும்பாலும் வரும். புல் பதிக்கும் முன் ஓர் அங்குலக் கனத்துக்கு மக்கிய தொழுவுரம்: 1000 சதுர அடிக்கு 83 கன அடி, ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) சற்றுக் குறைவு. அதை ஆறு அங்குலத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். கண்மாய்க் கரம்பையும் (கண்மாயில் படியும் வண்டல் களிமண்) நல்லதுதான், ஆனால் மேலே பரப்பிவிட்டு அப்படியே விடக் கூடாது. செம்மண் மேல் கரம்பை தனி அடுக்காக நின்றால் தண்ணீர் அதிலேயே தேங்கி வேர் அழுகும்.

புது மனைகளில் இன்னொரு கேடு. கிராவல் கொட்டி ஜேசிபியால் மட்டம் தட்டி, அதன் மேல் இரண்டங்குலச் செம்மண்ணைத் தூவிப் புல் விரிக்கிறார்கள். வேர் எங்கே இறங்கும்? ஓரடிக் குழியில் தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் உரத்தைப் பற்றிப் பேசும் நேரமல்ல அது; முதலில் கடப்பாரை வேலை. போர்த் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பைகார்பனேட் மிகுந்த தண்ணீர் நல்ல செம்மண்ணையும் சில ஆண்டுகளில் காரப் பக்கம் தள்ளிவிடும்.

ஐப்பசி மழைக்கு முன், ஆவணியிலேயே மாதிரி எடுத்தால்தான் முடிவு வந்து, மண்ணைத் திருத்தி, மழையோடு புல் பதிக்கத் தோதுப்படும். எனவே சிவகங்கை மாவட்ட மண் பரிசோதனை நிலையம், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம், செட்டிநாடு வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றைக் கேட்டு, வீட்டுத் தோட்ட மண்ணை யார் வாங்கிக்கொள்கிறார்கள், கட்டணம் என்ன, எத்தனை நாளில் முடிவு வரும் என்பதைத் தங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக ஆடி முடிவதற்குள் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மண், தோட்டப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
காரைக்குடி