கிழக்கு ரோட்டில் நடந்தேன்

வண்டிப்பெரியார்

அன்பு மகளுக்கு,

பேரனை ஸ்கூலில் யாரோ, தமிழனை இங்கே இளக்காரமாகச் சொல்கிற மாதிரி ‘பாண்டி’ என்று கூப்பிட்டதையும், இனிமேல் வெளியில் தமிழ் பேசாதே என்று நீ அவனிடம் சொன்னதையும் அம்மா சொன்னாள். ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. மூணாம் நாள் விடியற்காலையில் கோட்டயம் பஸ் ஏறி, அங்கிருந்து வைக்கம் போய்விட்டு வந்தேன். பெரியார் நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பர் 12-ல் ரெண்டு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்தார்களே, அதைப் பார்க்கத்தான்.

அருங்காட்சியகம், நூலகம் எல்லாம் இருக்கிறது. ஆனால் நான் பாதி நேரம் பெரியார் சிலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். உன் தாத்தா ஞாபகம்தான். சங்கரன்கோவில் பக்கம் அவர் ஊரில் மேலத்தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போக வேண்டும். எஸ்டேட்டுக்கு வந்த பிறகு முதல்தடவை செருப்போடு ரோட்டில் நடந்ததைச் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லும்போது கட்டைவிரலை ஆட்டிக் காட்டுவார், உனக்கும் காட்டியிருக்கிறார்.

வைக்கத்திலும் சண்டை ரோட்டுக்குத்தானம்மா. 1924 மார்ச் 30-ல் மூன்று பேர் போனது கோயிலுக்குள் நுழைய அல்ல, மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கியவர்கள் அந்தத் தெருவில் நடக்கவே கூடாது என்றிருந்தது. அதற்கே கைது. டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் என்று தலைவர்கள் வரிசையாக உள்ளே போனதும், இங்கே உள்ள மலையாளிகள்தான் ஈரோட்டுக்காரர் பெரியாரைக் கூப்பிட்டார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்தவர், ஏப்ரலில் வந்து சேர்ந்தார். ரெண்டு தடவை ஜெயில். காலில் சங்கிலியோடு, மற்றக் கைதிகளைவிட ரெண்டு மடங்கு வேலை செய்தார் என்று எழுதி வைத்தவர் கேசவ மேனன், ஒரு மலையாளி. நாகம்மையாரும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அந்த மனுசரும் பாண்டிதான். மலையாளிகள் கூப்பிட்டு வந்த பாண்டி. இதைத்தான் பேரனிடம் சொல்ல வேண்டும் நீ.

1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்க ரோடுதான் எல்லாருக்கும் திறந்தது, கிழக்குப் பக்கம் அப்போதும் கிடைக்கவில்லை. அதனால் நான் கிழக்கு ரோட்டில் போகவும் வரவுமாக ரெண்டு தடவை நடந்தேன், செருப்போடு. முழங்கால் வலி தெரியவே இல்லை.

அவன் வாயை மூடாதே அம்மா. வெளியிலும் தமிழ் பேசட்டும், மலையாளமும் நன்றாகப் பேசட்டும். எறணாகுளத்திலிருந்து வைக்கம் உனக்குப் பக்கம்தானே. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா, நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். செருப்பு சின்னதாகிவிட்டது என்றாயே, புது ஜோடி வாங்கிப் போட்டுக் கூட்டி வா.

அப்பா