தேவாலா ஊர் வரலாறும் பழைய சுரங்கக் குழிகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கத்தின் செயற்குழு நான்கு முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்திப் பரிசளித்தோம். ஜூலைக் கூட்டம் மழையால் நடக்கவில்லை. தேவாலாவில் ஜூலை மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டுவிழாவுக்கென ஒதுக்கிய பணத்தைப் பழைய தங்கச் சுரங்கக் குழிகளுக்கு எச்சரிக்கைப் பலகை வைக்கத் திருப்பியது நான்தான். அது தவறு என்று சிலர் வெளியில் பேசிவருவதாக அறிகிறேன். கூட்டத்திற்கு வந்து கேட்டிருந்தால் அங்கேயே விளக்கியிருப்பேன். இப்போது விளக்குகிறேன்.

பழங்குடியினர் ஓடை மணலை அரித்துப் பொன் எடுத்த மலை இது. 1877இல் நம் ஊர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரியோடு சேர்ந்தது. அதற்குப் பின் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ராபர்ட் பிரோ ஸ்மித் என்ற சுரங்க வல்லுநர் வந்தார். 1880இல் இங்குள்ள தங்கம் பற்றிய அவருடைய அறிக்கை வெளியான காலத்தில் லண்டனில் தங்கக் கம்பெனிகள் முளைத்தன. காப்பித் தோட்டங்களெல்லாம் சுரங்க நிலம் என்று பல மடங்கு விலைக்குக் கைமாறின. பாறை இடிக்கும் இயந்திரங்கள் மலையேறி வந்தன. தேவாலாவும் பந்தலூரும் திடீர் நகரங்கள் ஆயின. வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) பாறையில் தங்கம் இருந்தது உண்மை. ஆனால் கல்லை இடித்து, பாதரசத்தில் சேர்த்துப் பிரித்தெடுக்கும் செலவுக்கு அது கட்டவில்லை. சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் சரிந்தன. புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹேடனும் ஹாட்சும் 1901இல் எழுதிய அறிக்கையும் நம்பிக்கை தரவில்லை. பிறகு இது தேயிலை ஊர் ஆயிற்று.

லண்டன்காரர்களின் பணம் போனதோடு பலரும் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்தக் கம்பெனிகள் தோண்டிய குழிகள் நம்மிடம்தான் இருக்கின்றன. புதர் மூடிய குழியில் மாடு விழுகிறது. திருட்டுத்தனமாகக் கல் உடைக்க இறங்கி உயிர்விட்டவர்களும் உண்டு. அதனால்தான் 'இன்னும் தங்கம் இருக்கிறது' என்ற வரியை நம் சிறுநூலில் சேர்க்க மறுத்தேன். அதற்காக யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

குழிகளைத் தேடும் ஞாயிறு நடைக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. மூன்று ஞாயிறுகள் நானும் ஒரு முதிய தோட்டத் தொழிலாளியும் மட்டுமே நடந்தோம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் அவருடையது. எந்தச் சரிவில் நிலம் உள்வாங்கும் என்பது அவர் காலுக்குத் தெரிகிறது. அவர் நம் உறுப்பினர் அல்லர்; சந்தா கட்ட வசதியில்லை. அவருக்குச் சந்தா விலக்கு அளிக்கும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். வசதியுள்ளவர்களில் பலர் இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள். பெயர்களைப் படிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாகின்றன; கையிருப்பு சிறிதளவே. பலகை எழுதித் தந்தவருக்கும், கூட்டத்திற்கு இடம் தந்த பள்ளிக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வேறொருவர் செயலாளராக முன்வந்தால் குறிப்பேடுகளை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். எவரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் பலகை வைக்கப்படாத நான்கு குழிகளில் ஒன்று, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் குறுக்குப் பாதையை ஒட்டி இருக்கிறது. ஜூன் மழை இறங்குவதற்குள் அங்கே வேலி போட வேண்டும். அதற்குக் கம்பி வாங்கப் பணமும், கம்பம் நட நான்கு பேரும் தேவை.