முதலில் வாடகைக்கு வா

சேலம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீடு கலகலவென்று இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் பெங்களூரை விட்டு சேலத்துக்கே வந்துவிடலாமா, வரியும் செலவும் எங்கே குறைவு என்று கேட்டிருந்தாய். நீ இங்கே வந்துவிட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. ஆனால் அந்த ஆசை கணக்கில் புகுந்துவிடக் கூடாது என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வருமான வரியை விட்டுவிடு. பென்ஷனுக்கும் டெபாசிட் வட்டிக்கும் கட்டுவது மத்திய அரசின் வரி, ஓசூரைத் தாண்டினால் மாறாது. ஜிஎஸ்டியும் 2017 ஜூலையிலிருந்து நாடு முழுக்க ஒரே விகிதம்தான். தொழில் வரியை அங்கே மாதச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், இங்கே மாநகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் எங்கேயும் வாங்க முடியாது. வேலையை விட்டபின் உனக்கு அதுவும் இல்லை.

கரண்ட் பில்லில் பெங்களூருக்குத்தான் லாபம். அங்கே 2023லிருந்து மாதம் 200 யூனிட் வரை இலவசம், வாடகை வீட்டுக்கும் உண்டு. இங்கே இலவச யூனிட் அதைவிடக் குறைவு. சேலத்து வெயிலில் ஏசி இல்லாமல் ஏப்ரல், மே தள்ள முடியாது என்பதால் கோடையில் பில் கொஞ்சம் உறைக்கும். பஸ் விஷயத்தில் நிலைமை வேறு. இங்கே அரசு பஸ் கட்டணம் 2018 ஜனவரிக்குப் பிறகு ஏறவில்லை. அங்கே 2025 ஜனவரியில் 15 சதவீதம் ஏற்றினார்கள். பெண்களுக்கு இரண்டு மாநிலத்திலும் இலவசம் உண்டு, ஆனால் இங்கே சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும், அங்கே மாநிலத்துக்குள் வெளியூர் போகும் சாதாரண பஸ்ஸிலும். பாலைப் பார்த்தால், ஆவின் 2021ல் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது, அங்கே நந்தினி பால் 2025 ஏப்ரலில் 4 ரூபாய் ஏறியது. பெட்ரோலில் ஓரிரு ரூபாய்தான் வித்தியாசம். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் மாதத்துக்குச் சில நூறு ரூபாய் இப்படியோ அப்படியோ போகும். அதற்காக யாரும் ஊர் மாற வேண்டியதில்லை.

பெரிய தொகை போவது பத்திரப்பதிவில். தமிழ்நாட்டில் தனி வீடோ மனையோ வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. 2017லிருந்து 2023 வரை இதுவே 11ஆக இருந்தது. 2023ல் பதிவுக் கட்டணத்தைக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்கு அரசு வைக்கும் குறைந்தபட்ச விலையை, உயர்த்திவிட்டார்கள். கேரளாவில் 8ம் 2ம் சேர்ந்து 10. கர்நாடகாவில் 2025 ஆகஸ்ட் கடைசியில் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கிய பிறகும் மொத்தம் ஏழரையை ஒட்டித்தான் வருகிறது. நீ சொன்ன 60 லட்சத்துக்கு இங்கே 5 லட்சத்து 40 ஆயிரம் கட்ட வேண்டும். அழகாபுரமோ கன்னங்குறிச்சியோ, மாதம் 15 ஆயிரம் வாடகை என்று வைத்துக்கொண்டால் அது முழுசாக மூன்று வருஷ வாடகை! வீடு பிடிக்காமல் விற்றாலும் அந்தப் பணம் திரும்பாது. அதனால்தான் சொல்கிறேன், வந்ததும் வீடு வாங்காதே. ஒரு வருஷமாவது வாடகைக்கு இரு. மேட்டூர் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். 2024 கோடையில் அங்கே டேங்கர் தண்ணீருக்கு நீ பட்ட பாட்டை இங்கே வந்தும் படக் கூடாது.

பெங்களூர் வீட்டையும் அவசரப்பட்டு விற்காதே. வரும் வாடகை இங்கே கொடுக்கும் வாடகையைத் தாராளமாகக் கட்டும்.

அப்புறம் கார். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பெங்களூரில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற வரி கட்டி, அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். உன் வண்டி பழசு, அங்கேயே விற்றுவிடு. இங்கே புதுசு வாங்கினால் 10 லட்சம் வரை வாழ்நாள் வரி அதிகபட்சம் 13 சதவீதம், அதைத் தாண்டினால் ஒரேயடியாக 18க்குக் குறையாது. பத்துக்குள் ஒரு வண்டி பார்ப்பதுதான் நல்லது.

ஏற்காட்டில் ஒரு சின்ன வீடு, நாலு மிளகுக் கொடி என்று எழுதியிருந்தாய். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் செங்கல்லும் மணலும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் போக வேண்டும், கூலி கூடும். மலையில் கட்ட அனுமதியும் சுலபத்தில் வராது. தங்கச்சியின் முழங்காலுக்கு அந்தக் குளிர் ஆகுமா என்றும் யோசி. பெரிய டாக்டரைப் பார்க்க சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். நினைத்தபோது மேலே போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவோம், நானும் வருகிறேன்.

எந்த மாதம் கிளம்பப் போகிறாய் என்று எழுது. கன்னங்குறிச்சிப் பக்கம் தரைத்தளத்தில் வீடு காலியாகிறதா என்று விசாரித்து வைக்கிறேன். தங்கச்சி மாடிப்படி ஏற வேண்டாம்.

அன்புடன்,
முருகேசன்