தாத்தாவுக்கு அந்தச் சொல் வேண்டாம்

அம்மாபேட்டை,
சேலம்.

அன்புள்ள கண்ணு,

தாத்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் நீ எழுதி அனுப்பிய நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே பேசும் பாட்டி அப்படியே கண்முன் வந்துவிட்டாள். மூன்றாம் பக்கத்தில்தான் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். தாத்தாவின் குடியை 'டிபாச்சரி' (debauchery) என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவனாகவும் சொல்கிறேன், அவர் மகனாகவும் சொல்கிறேன்: அந்தச் சொல் அவருக்கு வேண்டாம்.

அது வசதி படைத்தவர்களைச் சொல்லும் சொல். ரோமானியச் சக்கரவர்த்திகளைப் பற்றியும், இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் அரசவையைப் பற்றியும் எழுதுகிறவர்கள் அதை எடுப்பார்கள். குடி மட்டும் போதாது. விருந்து, காமம், விடிய விடியக் கும்மாளம் என்று எல்லாம் கரை மீறி ஓட வேண்டும். 'இருமனப் பெண்டிரும் கள்ளும் கவறும்' என்று விலைமகளிர், கள், சூது மூன்றையும் வள்ளுவர் ஒரே குறளில் சேர்த்தாரே, ஏறக்குறைய அந்தக் கூட்டு. நம் பேச்சில் 'கூத்தடிக்கிறது' கொஞ்சம் கிட்டே வரும்.

தாத்தா ஒரு நாளும் கூத்தடித்ததில்லை. 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அந்த ஊரில் வளர்ந்தவர். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள் இல்லையா, அப்போது தொட்டார். 1974-ல் கடைகளை மறுபடி மூடியும் அவரால் விட முடியவில்லை. கூலி வாங்கிய அன்று இருட்டிய பிறகு வருவார், யாரிடமும் பேசாமல் திண்ணையில் படுத்துக்கொள்வார். தறியில் பூட்டிய பாவு நூல் நெய்யாமல் அப்படியே நிற்கும். சேலை ஏன் முடியவில்லை என்று பாவு கொடுத்த முதலாளி கேட்பார், பாட்டி போய்த் தலைகுனிந்து நிற்பாள். நானும் கூடப் போயிருக்கிறேன், பத்துப் பன்னிரண்டு வயதில். அரிசிப் பானையைச் சுரண்டிய வீட்டில் போய் அந்தச் சொல்லை எங்கே வைப்பது?

ஆனால் கண்ணு, அதன் வேரைத் தேடிப் போனபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அது பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'தெபோஷே' என்றால் ஒருவனை அவன் வேலையிலிருந்து கலைத்து இழுப்பது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் ஆளை இழுத்தால் இன்றைக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். ஆளை வேலைக்கு எடுப்பதற்கு 'அம்போஷே'. வேலையிலிருந்து இழுப்பது, விசுவாசத்திலிருந்து இழுப்பதாகி, அப்புறம் ஒழுக்கத்திலிருந்து இழுப்பதாகிவிட்டது. ஆங்கிலத்திலும் 'டிபாச்' என்ற வினை, ஒருவர் இன்னொருவரையோ இன்னொன்றையோ கெடுப்பதைத்தான் சொல்லும். 1919-ல் பொருளாதார அறிஞர் கெயின்ஸ், அரசுகள் நாணயத்தின் மதிப்பைக் கெடுப்பதைப் பற்றி எழுதும்போது இந்த வினையைத்தான் போட்டார். வினையாக இருக்கும்போது கெடுத்தவன் ஒருவன், கெட்டவன் ஒருவன் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். 'டிபாச்சரி' என்று பெயராக்கியதும் கெடுத்தவன் காணாமல் போகிறான்; பழி முழுக்கக் கெட்டவன் தலையில்.

பாட்டி உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். அந்த வருஷங்களைப் பற்றி யார் கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான்: "அவரைத் தறியை விட்டு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க." 'போயிட்டாரு' என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. யார் இழுத்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். பதில் சொல்லாமல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. எங்கள் பசிக்கு அவர்தான் காரணம், அதை நீ எழுதத்தான் வேண்டும். குடித்தார், தறி நின்றது, கடன் ஏறியது என்று நேராகவே எழுது. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாட்டி சொன்னதைப் போடு. ஆங்கிலத்தில் அது கொஞ்சம் கரடுமுரடாக வந்தாலும் சரி. மாற்றியதும் மூன்றாம் பக்கத்தை மட்டும் அனுப்பு. அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா