‘சி’ என்ற தலைப்பெழுத்தைத் தேடியபோது துணை நின்றவர்களுக்கு

சென்னை

அன்புடையீர்,

வணக்கம்.

எங்கள் பாட்டியின் தாத்தா, தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜிக்கு, அவர் முறைப்படி மணக்காத ஒரு பெண்ணிடம் பிறந்த மகன் என்று எங்கள் தாய்வழிக் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். நமக்குள் உரக்கவும், சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் வாய் திறவாமலும் காப்பாற்றப்பட்ட இந்தக் கதையை ஆவணங்களோடு வைத்துப் பார்க்கும் வேலை இப்போது ஒரு நிலைக்கு வந்துவிட்டது. உதவியவர்களுக்குத் தனித்தனியே எழுதியிருக்கலாம். ஆனால் ஒருவர் கண்டெடுத்ததை இன்னொருவர் கண்டெடுத்ததோடு சேர்த்துப் படித்தால்தான் விவரம் முழுமையாகும் என்பதால், எல்லோருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவாஜி மகாராஜா எங்கள் மூதாதை அல்லர். அவர் 1855 அக்டோபரில் ஆண் வாரிசின்றிக் காலமானார். எங்கள் பாட்டியின் தாத்தாவோ 1862 வாக்கில் பிறந்தவர்.

இதைத் தெரிந்துகொள்ள வழிசெய்தவர் மேற்கு மாம்பலத்துப் பெரியம்மா. யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த தகரப் பெட்டியை எனக்காகத் திறந்து, 1898, 1911 ஆகிய ஆண்டுகளின் இரண்டு கிரயப் பத்திரங்களை எடுத்துக் கொடுத்தார். அவற்றின் எழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. மயிலாப்பூரில் தொழிலை விட்டு ஓய்வாக இருக்கும் ஒரு பத்திர எழுத்தர், புள்ளியில்லாத மெய்யெழுத்துகளையும், ஆண்டுக்கும் மாதத்துக்கும் ரூபாய்க்கும் இடும் பழைய குறிகளையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து, பாட்டியின் தாத்தாவின் வயது முதல் பத்திரத்தில் ௩௰௬ (36) என்றும் இரண்டாவதில் ௪௰௯ (49) என்றும் இருப்பதைக் காட்டினார். அந்தக் காலத்துப் பத்திரங்களில் வயதைக் குத்துமதிப்பாகப் போடுவது உண்டுதான். இருந்தாலும் பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு பத்திரங்களும் ஒரே பிறப்பாண்டைக் காட்டும்போது, ஏழு ஆண்டுகளை இழுத்துப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் கவனித்துச் சொன்ன இன்னொன்று வயதைவிடப் பெரியது. கிரயப் பத்திரத்தில் ஓர் ஆணை இன்னாருடைய குமாரர் என்று தகப்பன் பெயரால் குறிப்பதுதான் வழக்கம். எங்கள் பத்திரங்கள் இரண்டிலும் அந்த இடத்தில், மங்கள விலாசத்தைச் சேர்ந்த ஓர் அம்மாளின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. கையொப்பத்திலும் ‘சி’ என்பதுதான் தலைப்பெழுத்து. சிவாஜியின் எழுத்து என்று எங்கள் வீட்டில் பெருமையோடு காட்டிய இனிஷியல், பெற்றவளின் எழுத்து. அவருடைய முழுப் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று பெரியம்மா கேட்டுக்கொண்டதை மதிக்கிறேன். உறவினர்களுக்குப் படியெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மங்கள விலாசம் என்பது தஞ்சையில் சிவாஜியின் காமக்கிழத்தியர் வாழ்ந்த மாளிகை. அரசரின் வாளை முன்னிறுத்திச் செய்யும் கத்திக் கல்யாணம் என்ற சடங்கின் வழியாக அவர்களில் பலர் அரண்மனைக்குள் வந்தார்கள். அங்கே வேலை செய்த பெண்களும் இருந்தார்கள். எங்கள் மூதாட்டி இந்த இரு வகையில் எதைச் சேர்ந்தவர் என்று தேட எனக்குக் கைகொடுத்தவர்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்து ஊழியர்கள். அரசர் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அரண்மனைச் சொத்துகளைக் கையகப்படுத்தியது. மூத்த அரசி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1859இல் அவருக்கு எதிராக முடிந்தது. அந்தக் கொந்தளிப்பில் அரண்மனையை நம்பி வாழ்ந்தவர்களுக்கு யார் யாருக்கு எவ்வளவு படி (உதவித்தொகை) என்ற கடிதப் போக்குவரத்து நிறைய நடந்திருக்கிறது. எந்தத் துறையின் எந்தத் தொகுதியைக் கேட்டு மனு எழுத வேண்டும் என்று கற்றுக் கொடுத்ததோடு நில்லாமல், தொட்டால் உதிரும் தாள்களைப் புரட்டும்போது பக்கத்திலேயே நின்ற காப்பக ஊழியரான ஓர் அம்மையாருக்கு என் தனி வணக்கம். பணிப்பெண்கள் வரிசையில் எங்கள் மூதாட்டியின் பெயர் இருக்கிறது. அது பரவலாக வழங்கும் பெயர் என்பதால் அவரேதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

தஞ்சாவூரில், மராத்தி மொழிக்கு வழங்கிய பழைய மோடி எழுத்து படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் எனக்குச் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அரண்மனையின் மராத்திக் கணக்குகள் சொல்லுக்குச் சொல் இடம்விடாத மோடி எழுத்தில் இருப்பவை. அவற்றில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி அச்சிட்டிருக்கிறது. அச்சில் வராதவற்றுக்கு இவரைப் போன்றவர்களே துணை. ஒரு பைசாகூட வாங்கிக்கொள்ளாத அவர், அந்தக் கணக்குகளில் இந்தப் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று எனக்குப் படித்துக் காட்டினார். பெயர், படி, புடவை, மருத்துவச் செலவு எல்லாம் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கின்றன. சிவாஜியின் தந்தை இரண்டாம் சரபோஜி, தாம் மணமுடிக்காத முத்தாம்பாளின் பெயரிலேயே ஒரத்தநாட்டில் பெரிய சத்திரம் கட்டினார் என்பதையும் அவர் நினைவூட்டினார். அரண்மனை கணக்கில் எழுதி வைத்த பெண்களை மறைத்தவர்கள் பின்னால் வந்த குடும்பங்கள்தாம் என்பது இப்போது என் எண்ணம். எங்கள் வீடு அதில் ஒன்று. ராஜாவை நினைவில் வைத்துக்கொண்டு அந்த அம்மாளை விட்டுவிட்டோம்.

அப்படியானால் ராஜா எப்போது உள்ளே வந்தார்? இதற்கு விடை தேட உதவியவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் என் அத்தான். தஞ்சை அரச சொத்தைப் பற்றிக் கோலாப்பூர் மகாராஜா ஒரு தரப்பாக நின்ற வழக்கின் தீர்ப்பை, 1920களில் வந்ததை, அவர் தேடிக் கொடுத்தார். கத்திக் கல்யாணப் பெண்களின் நிலை என்ன, அவர்கள் பிள்ளைகளுக்குச் சொத்தில் உரிமை உண்டா என்றெல்லாம் அதில் நீளமாக அலசியிருக்கிறார்கள். அன்றைய இந்துச் சட்டம் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனுக்குச் சூத்திரர் குடும்பத்தில் பங்கும், மற்ற வருணத்தார் குடும்பத்தில் ஜீவனாம்சம் மட்டுமே என்றும் வைத்திருந்ததால், அரசகுலத்தின் வருணமே நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. இந்த வழக்கு தஞ்சைத் திண்ணைகளில் பேசப்பட்ட காலத்தில், 1926இல், எங்கள் கொள்ளுத்தாத்தா எழுதிய ஒரு கடிதத்தில்தான் ‘மகாராஜா வம்சம்’ என்ற பேச்சு முதன்முதலாக வருகிறது. வழக்கின் காற்றில்தான் எங்கள் கதை முளைத்தது என்று ஊகிக்கிறேன். அத்தான் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கடிதத்தைக் கொடுத்தவர் கும்பகோணத்து மாமா. தோண்டித் துருவ வேண்டாம் என்று கடைசி வரை சொன்னவரும் அவரே. கோபத்தோடு கொடுத்தாலும் கொடுத்தார், நன்றி மாமா.

மரபணுச் சோதனைக்குப் பணம் தர முன்வந்த தம்பிக்கும், அந்தப் பணத்தை மிச்சப்படுத்திய மருத்துவத் தோழிக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும்; பாட்டியின் தாத்தாவின் நேர் ஆண் வழியில் வந்த ஒருவரிடம் அதைச் சோதிக்கலாம் என்றாலும், சிவாஜிக்குப் பின் அரச குடும்பம் சுவீகாரத்தின் வழியாகத் தொடர்ந்ததால் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க ஆள் இல்லை. மற்ற மரபணுக்களில், ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் பங்கு என்னிடம் சராசரியாக 32இல் ஒன்றுதான்.

சரஸ்வதி பூஜைக்கு எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் பழைய வாளையும் பழைய ஆயுதங்கள் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அதற்கு ஒருபோதும் பதம் வைத்ததில்லை, நாடகக் கம்பெனிச் சாமானாக இருக்கலாம் என்றார். பூஜையை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பாட்டியின் தாத்தாவுக்குத் தகப்பன் யார் என்று காட்டும் தாள் எதுவும் கிடைக்கவில்லை. பத்திரங்கள், கடிதம், படிப்பட்டியலின் நகல் ஆகியவற்றை மூன்று தொகுப்புகளாகக் கட்டி, பெரியம்மா வீட்டிலும் மாமா வீட்டிலும் என்னிடமும் வைத்திருக்கிறேன். 1911ஆம் ஆண்டுப் பத்திரம் மடிப்பில் விண்டு வருகிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மூலத்தைக் கேட்காமல் நகலையே பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
மயிலாப்பூரிலிருந்து உங்கள் வீட்டுப் பெண்