நாடா எறியப் பழக்கினால் போதாது, பாவு போடவும் பழக்குங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையிலும் அதை அண்டிய ஊர்களிலும் நடக்கும் கைத்தறிப் பயிற்சிகள் பலவற்றில் ஒரே குறையைக் காண்கிறோம். பாவு (துணியின் நீளவாட்டு இழைகள்) பூட்டி ஆயத்தமாக வைத்த தறியில் பிள்ளைகளை இருத்தி, மிதிக்கவும் நாடா (குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் கருவி) எறியவும் பழக்குகிறார்கள். சில கிழமையில் அது கைவந்துவிடும். பயிற்சி முடிவில் சிலருக்குத் தறியும் கிடைக்கிறது. ஆனால் பூட்டியிருந்த பாவு நெய்து தீர்ந்ததும் தறி நின்றுவிடுகிறது. அடுத்த பாவை ஏற்ற அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு, பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று பழி சொல்வது நியாயமில்லை.

நெசவின் பாதி வேலை நாடா ஓடுவதற்கு முன்பே முடிகிறது. முதலில் கணக்கு. 46 அங்குல அகலம், அங்குலத்துக்கு 48 இழை என்றால் 2,208 இழை வேண்டும். 20 மீற்றர் பாவுக்கு 2/40 நூலில் (40ஆம் நம்பர் இழை இரண்டை முறுக்கிய நூல்) ஏறக்குறைய 1.3 கிலோ போகும், சேதத்தோடு 1.4 கிலோ வைத்துக்கொள்ளலாம். 2 மீற்றர் சாரன் 10 வரும் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. நெய்யும்போது இழை வளைந்து வளைந்து போவதால் நீளம் குறையும். கடைசி முக்கால் மீற்றர் தறியிலேயே தங்கிவிடும். 9 சாரன்தான் கிடைக்கும். இந்தக் கணக்குத் தெரியாத பிள்ளை முதல் ஓடரிலேயே நட்டப்படும்.

அடுத்தது, பாவை உருளையில் சுற்றுவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுற்ற, மற்றவர் முழு அகலத்தையும் ஒரே இழுவையில் பிடிக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று இடையில் தடித்த கடதாசியோ மெல்லிய கம்போ வைக்காவிட்டால் மேல் இழை கீழ்ச் சுற்றுக்குள் புதையும். பிறகு சில இழை தொய்யும், சில இழை விண்ணென்று நிற்கும். தொய்ந்த இழையின் மேலாக நாடா ஓடிவிட்டால் ஊடை (குறுக்கு இழை) அதனுடன் பின்னாமல் துணியில் மிதக்கும்.

விழுதுக் கண்ணிலும் (விழுது: இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிச் சட்டம்) அச்சிலும் (இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) இழை கோர்ப்பதில்தான் அதிகம் பிழை வருகிறது. நான்கு விழுதுத் தறியில் 1, 2, 3, 4 என்ற ஒழுங்கில் ஒன்றைத் தாண்டிவிட்டால், பக்கத்துப் பக்கத்து இழைகள் இரண்டும் சேர்ந்து எழும்பும். அச்சில் ஒரு பல் வெறுமையாக விடுபட்டால் துணி நெடுகிலும் ஒரு கீறல் ஓடும். இதற்கு ஒரு வழி உண்டு: முதல் இரண்டு அங்குலத்தை, பாவுக்கு நேர்மாறான நிற ஊடையால் நெய்து, வெளிச்சத்துக்கு நேரே பார்க்க வேண்டும். பிழை பளிச்சென்று தெரியும். அந்த இடத்திலிருந்து கிட்டிய ஓரம் வரை அவிழ்த்துத் திருத்தலாம். இரண்டு மீற்றர் நெய்த பிறகு கண்டுபிடித்தால் அந்தச் சாரன் பாதி விலைக்குத்தான் போகும்.

இன்னொன்றை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பாவு முடிந்ததும் பழைய இழைகளை அச்சிலிருந்து உருவி எடுக்கவே கூடாது. விழுதுக்குப் பின்னால் ஒரு சாண் விட்டு வெட்டி, அதே எண்ணிக்கையும் கோலமும் உள்ள புதிய பாவை இழைக்கு இழை பிணைத்தால் போதும். விரலில் சிறிது சாம்பல் தொட்டுக்கொண்டால் முறுக்கு வழுக்காது. உருவிவிட்டால் 2,208 இழையையும் முதலிலிருந்து கோர்க்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்துக் காலநிலையையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் பருத்தி இழை காய்ந்து அடிக்கடி அறும். நூலைக் குறை சொல்லாமல் தறிக்குக் கீழே ஈரச்சாக்கு விரித்து, யன்னலைப் பாதி சாத்திவிட்டு நெய்தால் அறுப்புக் குறையும். கரை இழை மட்டும் அறுந்தால் காரணம் வேறு: ஊடையை இழுத்துப் பிடிப்பதால் அகலம் சுருங்கி, ஓர இழைகள் அச்சில் உராய்கின்றன. அகலத்தை விரித்துப் பிடிக்கும் கோலை ஒவ்வோர் அங்குலத்துக்கும் நகர்த்தி வைக்கப் பழக்க வேண்டும்.

இவ்வளவையும் கற்பிக்க நூலுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 8 அங்குல அகலத்தில் 384 இழை, 3 மீற்றர் நீளம் போதும். இதற்கு 35 கிராம் நூல்தான் ஆகும். பிழை விட்டாலும் பெரிய நட்டமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் இந்தச் சிறு பாவை மூன்று தடவையாவது தானே எண்ணி, சுற்றி, கோர்த்து, பிணைத்த பிறகே பெரிய தறியில் இருத்தலாம்.

சான்றிதழ் கொடுக்குமுன் நெய்த துணியைப் பார்த்துப் புள்ளி போடுவதை நிறுத்துங்கள். வெறுந்தறியையும் ஒரு கட்டு நூலையும் கொடுத்து, பாவு ஏற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கைத்தறிப் பயிற்றுநர்,
மருதமுனை.